பழைய ஃபெண்டர் ஆம்ப் ஊளையிட்டால் எல்லா டியூப்பையும் மாற்ற வேண்டுமா?

உங்கள் கிட்டார் ஆம்ப், அறுபதுகளின் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், கிட்டாரைக் கழற்றினாலும் வால்யூமை ஏற்றினால் ஊளையிடுகிறது, மெக்கானிக் டியூப் மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். இந்த ஊளைக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7தான் (சிக்னலைப் பெருக்கும் சின்ன டியூப் வகை) காரணமாக இருக்கும்.

டியூப்புக்குள் இருக்கும் கிரிட் கம்பி தளர்ந்துவிட்டால் ஸ்பீக்கர் அதிர்வில் ஆடும். அந்த ஆட்டம் சிக்னலாகிப் பெருகி ஸ்பீக்கருக்குப் போய், திரும்பவும் டியூப்பையே உலுக்கும். இதுபோன்ற காம்போ ஆம்பில் டியூப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் தொல்லை கூடுதல்.

முதலில் ரிவெர்பை (எதிரொலி எஃபெக்ட்) சைபரில் வையுங்கள். இல்லையென்றால் ரிவெர்ப் ஸ்பிரிங் எழுப்பும் சத்தத்தையும் டியூப் தலையில் கட்டிவிடுவீர்கள். ஆம்ப் ஆறியிருக்கும்போதே டியூப்களின் மேல் இருக்கும் உலோக ஷீல்டு மூடிகளைக் கழற்றி வைத்துவிட்டு ஆன் செய்யுங்கள். நீங்கள் வாசிக்கும் சேனலின் வால்யூமை நாலில் வைத்து, மரக்குச்சியால் ஒவ்வொரு டியூப்பையும் மெல்லத் தட்டுங்கள். டியூப்களை வி1, வி2 என்று வரிசையாக எண்ணுவார்கள். பின்பக்கமிருந்து பார்த்தால் வலது ஓரத்தில் இருப்பது வி1, அது நார்மல் சேனலுக்கு. அடுத்த வி2 வைப்ராட்டோ சேனலுக்கு. "எல்லா டியூப்பும் தட்டினால் சத்தம் போடத்தானே செய்யும்" என்று கமெண்டில் சண்டைக்கு வருவார்கள். உண்மைதான், 'டொக்' என்று வந்து நின்றால் குறையில்லை. 'ணங்...' என்று மணியடித்து நீண்டால் அந்த டியூப்தான் குற்றவாளி.

அதைத் தூக்கி எறிய வேண்டாம். ஆஃப் செய்து, ஆறவிட்டு, வி5இல் இருக்கும் 12ஏஎக்ஸ்7உடன் இடம் மாற்றுங்கள். வி5 வைப்ராட்டோ ஆஸிலேட்டர், அதாவது ஒலியை ஏற்றி இறக்கும் அலையை உருவாக்குவது. கிட்டார் சிக்னல் அதன் வழியாகப் போவதில்லை. வி3, வி6 இரண்டும் 12ஏடி7 என்ற வேறு வகை. அவற்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தட்டினால் மணிச் சத்தத்துக்குப் பதில் கரகரவென்று வந்தால் சாக்கெட்டைப் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்றில் பின்கள் கறுத்துப்போகும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் காண்டாக்ட் கிளீனர் வாங்கிப் பின்களில் அடித்து, நாலைந்து முறை செருகி எடுங்கள். பிளக் பிடுங்கியிருக்க வேண்டும். சாக்கெட் பிடி தளர்ந்திருந்தால் உள்ளே ஊசி விட்டு நெருக்க வேண்டும்; ஆனால் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஃபில்டர் கண்டன்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். டிஸ்சார்ஜ் செய்து மீட்டரில் பார்க்கத் தெரியாதவர் அதில் கை வைக்கவே கூடாது.

டியூப்புக்கு இரண்டு சிலிக்கோன் ஓ-ரிங் (வளையம்) மாட்டினால் ஊளை ஓரளவு அடங்கும், கெட்ட டியூப் நல்லதாகிவிடாது. பிளம்பிங் கடைக் கறுப்பு ரப்பர் சூட்டில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், வேண்டாம். டிஸ்டார்ஷன் இல்லாமல் க்ளீனாக மட்டும் வாசிப்பவர் 12ஏஎக்ஸ்7க்குப் பதில் 5751 டியூப் போடலாம்: கெயின் (பெருக்கும் அளவு) 100க்குப் பதில் 70, ஊளைக்கும் அந்த அளவு வேகம் குறையும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மொத்தமாக மாற்றும் சிலர் கழற்றிய பழைய ஆர்சிஏ கம்பெனி டியூப்களைத் திருப்பித் தருவதே இல்லை. புதிதாக வரும் பலவற்றைவிட அவை நன்றாக உழைப்பவை. ஆம்பை ஒப்படைக்கும்போதே ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, கழற்றியதெல்லாம் கைக்கு வர வேண்டும் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.