கர்ப்பத்தில் பிரஷர் வர நஞ்சுக்கொடியில் செல்கள் சாவதுதான் காரணமா?

"தங்கைக்கு 32 வாரம். பிரஷர் 150/100, யூரினில் புரோட்டீன். டாக்டர் நஞ்சுக்கொடியில் செல்கள் செத்துப்போவதைக் காரணம் சொல்கிறார், மாமியார் ஊறுகாயைச் சொல்கிறார். எது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டர் சொன்னதுதான் சரிக்குப் பக்கம். கர்ப்பத்தில் வரும் இந்தப் பிரஷர் நோய்க்கு ப்ரீ-எக்ளாம்ப்சியா என்று பெயர். ஊறுகாய் மேல் பழி போட வேண்டாம், பாவம்.

திருத்துறைப்பூண்டி பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிறுநீரில் புரோட்டீன் பார்க்கும் ஸ்ட்ரிப் எங்களிடம் கிடையாது. சோதனைக் குழாயில் முக்கால்வாசி சிறுநீரை ஊற்றி, மேல்பாகத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். கலங்கினால் இரண்டு சொட்டு அசிட்டிக் அமிலம். தெளிந்துவிட்டால் பயமில்லை. தெளியாமல் வெந்த வெள்ளைக்கரு மாதிரி திரிந்து நின்றால் ஆல்புமின், அதாவது புரோட்டீன். அப்படி ஒரு குழாயைப் பார்த்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

சரி, செல் சாவுக்கு வருவோம். அது மட்டுமே நோய் ஆகாது. நஞ்சின், அதாவது நஞ்சுக்கொடியின், மேல்தோல் செல்கள் எல்லாக் கர்ப்பத்திலும் பழசாகி உதிர்ந்துகொண்டுதான் இருக்கும். முறையாகச் சாகும் செல் தன்னைத்தானே பொட்டலம் கட்டிக்கொண்டு போய்விடும். தாயின் உடம்பு அதைக் கண்டுகொள்ளாது. அளவு மீறினால்தான் வம்பு.

ஏன் மீறுகிறது? கர்ப்பத்தின் முதல் பாதியில் நஞ்சின் ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள் கருப்பைச் சுவருக்குள் இறங்கி, அங்குள்ள சுருள் ரத்தக் குழாய்களின் தசையை அகற்றி அகலமாக்க வேண்டும். நம் ஊர்க் கணக்கில் தூர்வாரல். அரைகுறையாக வாரினால் என்ன ஆகும் என்று கடைமடைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இங்கே வரத்து குறைவது மட்டும் இல்லை. குறுகிய குழாயில் ரத்தம் பீச்சியடித்து வரும், விட்டு விட்டு வரும். ஆக்சிஜன் ஏறி இறங்குவதில் செல்கள் கூட்டமாகச் சாகும், சில வெடித்தே சாகும். அந்தச் சிதறல் எல்லாம் தாயின் ரத்தத்தில் கலக்கும்.

1893-லேயே ஜெர்மனியில் ஜார்ஜ் ஷ்மோர்ல் என்ற மருத்துவர், பிரசவ ஜன்னியில், அதாவது இந்த நோய் முற்றி வரும் வலிப்பில், இறந்த பெண்களின் நுரையீரலில் நஞ்சின் செல்களைப் பார்த்திருக்கிறார். 2003-ல் பாஸ்டனில் மருத்துவ ஆய்வாளர் அனந்த் கருமஞ்சியின் குழு இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. பாதிக்கப்பட்ட நஞ்சு எஸ்-எஃப்எல்டி-1 என்ற புரதத்தை அதிகமாகக் கொட்டுகிறது; ரத்தக் குழாயின் உட்சுவரைப் பேணும் புரதங்களை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. உட்சுவர் கெட்டால் பிரஷர் ஏறும், கிட்னி புரதத்தை ஒழுகவிடும், முற்றினால் வலிப்பு. ஆக, செல் சாவு நடுவில் வரும் ஒரு கண்ணி.

நஞ்சுதான் மூலம் என்பதற்கு முத்துப்பிள்ளைக் கர்ப்பமே சாட்சி. முழு முத்துப்பிள்ளையில் குழந்தையே இருக்காது, நஞ்சு மட்டும் திராட்சைக் கொத்தாக வளரும். அதிலும் இந்தப் பிரஷர் வரும், 20 வாரத்துக்கு முன்னாலேயே.

ஒருமுறை இப்படிப்பட்ட பிரசவம் முடிந்து நஞ்சைத் தட்டில் கழுவிப் பார்த்தேன். நல்ல நஞ்சு ஈரல் நிறத்தில் மெத்தென்று இருக்கும். அதிலோ அங்கங்கே மஞ்சள் வெள்ளைத் திட்டுகள், விரலில் கெட்டியாகத் தட்டுப்பட்டன. ரத்தம் போகாமல் செத்த இடங்கள். குழந்தை இரண்டு கிலோகூட இல்லை.

மாத்திரை பிரஷரை இறக்கும், மக்னீசியம் சல்பேட் ஊசி வலிப்பைத் தடுக்கும். நோய் தணிவது நஞ்சு வெளியே வந்த பிறகுதான். எந்த வாரத்தில் பிரசவம் என்பதை டாக்டரிடம் விடுங்கள். அடுத்த கர்ப்பத்தில் 12 வாரத்திலேயே போய், குறைந்த அளவு ஆஸ்பிரின் வேண்டுமா என்று கேளுங்கள். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இப்போதைக்கு, விடாத தலைவலி, கண்ணில் மின்னல், மேல்வயிற்று வலி வந்தால் வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பிள்ளை பெற்று ஆறு வாரம் வரைக்கும் இதே கணக்குதான். தீட்டு கழிந்து வீட்டுக்கு வந்தாச்சே என்று பிரஷர் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள்.