வெட்ட வெட்டத் தழைக்கும் கொடி ரோஸ்

கேள்வி: செங்கல்பட்டு அருகே எங்கள் காலி மனையின் மதில் முழுக்க இளஞ்சிவப்புப் பூக்கொடி படர்ந்து, உள்ளே நட்ட வேப்பங்கன்றையும் மூடிவிட்டது. பலமுறை ஆள்விட்டு வெட்டினோம். ஒரு மழை பெய்தால் மறுபடி துளிர்க்கிறது. உப்போ மண்ணெண்ணெயோ ஊற்றலாமா? தேனீக்கள் மொய்ப்பதால் ஒழிக்கவும் மனம் வரவில்லை.

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது கொடி ரோஸ். ரோஜாவுக்கும் இதற்கும் உறவு கிடையாது. மெக்சிகோவிலிருந்து அழகுக்காகக் கொண்டுபோன பல இடங்களில் வேலி தாண்டியது. பசிபிக்கின் குவாம் தீவில் பெரிய களை. நம் ஊர் நர்சரிகளில் இன்றும் கன்று விற்கிறார்கள், அதை என்ன சொல்ல!

வெட்டிய ஆள் தோண்டினாரா என்று கேளுங்கள். இதன் உயிர் மண்ணுக்கடியில் கிழங்கில் இருக்கிறது. மேலே வெட்டினால் அந்தச் சேமிப்பிலிருந்து புதுத் தளிர் விடும். எனவே அடுத்த முறை கொடியை அடியோடு அறுக்காமல் ஒரு முழம் விட்டு அறுங்கள். மழை பெய்து மண் இளகிய மறுநாள் அந்தத் தண்டைப் பிடித்துக்கொண்டே கடப்பாரையால் நெம்பினால் கிழங்கு இருக்கும் இடம் தெரியும். இழுத்துப் பிடுங்கினால் தண்டு அறுந்து கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். மதிலின் அஸ்திவாரத்தை ஒட்டிய கிழங்குகள்தான் தொல்லை. தோண்ட முடியாத இடங்களில் தளிர் தலைகாட்டும்போதெல்லாம் இலை விரியுமுன் கிள்ளி வாருங்கள். இலையில்லாமல் கிழங்கு மெல்ல வற்றும். இதற்குப் பொறுமை வேண்டும்.

வேப்பங்கன்றின் மேல் ஏறியதை இழுக்காதீர்கள், கிளை முறியும். பூங்கொத்தின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பிடித்திருக்கும். அடியில் ஒரு முழம் விட்டு அறுத்துவிட்டால் மேலே தானே காய்ந்து உதிரும்.

உப்பும் மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம். கெடுவது உங்கள் மண், வேம்பும் பட்டுப்போகலாம்.

வெட்டியதை ஏரிக்கரையிலோ வாய்க்காலிலோ கொட்டுவது பெருந்தவறு. காய்ந்த பூவிதழ்களுக்குள் மூன்று பட்டையாக இருக்கும் காய் தண்ணீரில் மிதந்துபோய் வேறிடத்தில் முளைக்கும். ஈர மண்ணில் விழுந்த தண்டும் வேர்விடும். கிழங்கு, தண்டு, பூ எல்லாவற்றையும் சிமெண்டுத் தரையில் பரப்பிச் சருகாகும்வரை காயவிடுங்கள். விதை ஏற்கெனவே சிந்தியிருக்கும் என்பதால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மதிலோரத்தைப் பார்த்து, இதய வடிவ இலையுடன் தென்படும் நாற்றுகளைப் பிடுங்கிவிடுங்கள். அந்தப் பருவத்தில் விரலாலேயே வந்துவிடும்.

தேனீக்களுக்காகத் தயங்க வேண்டாம். மனையில் ஒரு முருங்கையும் புங்கனும் வையுங்கள், அவற்றின் பூவுக்கும் தேனீ வரும். மதிலுக்குக் கொடிதான் வேண்டுமென்றால் முல்லை இருக்கிறது.