மேனுவல் டெஸ்டர் இருக்காங்களே, அப்புறம் ஃபிரண்ட் எண்டுக்கு ஆட்டோமேட்டட் டெஸ்ட்டும் சிஐயும் எதுக்கு?

நீங்க கேட்டது இதுதான்: ஆறு பேர் டீம், ரியாக்ட் ப்ராஜெக்ட், ஒரு மேனுவல் டெஸ்டர், ரெண்டு வாரத்துக்கு ஒரு ரிலீஸ். டெஸ்ட் எழுத நேரமில்லன்னு மேனேஜர் சொல்றார். ஏற்கெனவே எழுதி வச்ச கொஞ்ச டெஸ்ட்டும் சிஐல (கோடு ஏத்தற ஒவ்வொரு தடவையும் டெஸ்ட்டை தானா ஓட்டற அமைப்பு) அடிக்கடி காரணமே இல்லாம ஃபெயில் ஆகுது. இதெல்லாம் தேவைதானா, தேவைன்னா எங்க ஆரம்பிக்கிறது.

தேவைதாங்க. ஆனா நீங்க போற போக்குல சொல்லிட்டுப் போன அந்த "காரணமே இல்லாம ஃபெயில் ஆகுது"தான் எனக்கு முதல்ல கண்ணுல பட்டுச்சு. டெஸ்ட் ஃபெயில்னா சிவப்பு, பாஸ்னா பச்சை; சிவப்பு வந்தா டீம் அதை நம்புதா, பச்சை வந்தா அது நிஜப் பச்சையா, இந்த ரெண்டுக்கும் பதில் தெரியாம டெஸ்ட் எண்ணிக்கையை ஏத்திட்டே போறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. நான் இதை கத்துக்கிட்டது ஒரு கஷ்டமான சம்பவத்துல, அதை முதல்ல சொல்லிடறேன்.

2022ல ஒரு சின்ன கம்பெனில இருந்தேன். ஒரு லேபுக்கு அப்பாயின்ட்மென்ட் புக் பண்ற பேஜ் செஞ்சு குடுத்தோம், ரத்த டெஸ்ட், ஸ்கேன் மாதிரி. கேலண்டர்ல ஒரு தேதியைத் தொட்டா அந்த நாள் ராத்திரி 12 மணிக்கான டேட் ஆப்ஜெக்ட் வரும், அதை சர்வருக்கு அனுப்பறதுக்கு தேதியை எழுத்தா மாத்தற டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் ஃபங்ஷன் போட்டு முதல் 10 எழுத்தை மட்டும் வெட்டி எடுத்தோம். பார்க்க ரொம்ப சரியாத்தான் இருக்கும். ஆனா அந்த ஃபங்ஷன் நம்ம நேரத்துல குடுக்காது, யுடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல குடுக்கும். நமக்கு 14ஆம் தேதி ராத்திரி 12ன்னா யுடிசில அது 13ஆம் தேதி சாயங்காலம் 6:30தான். அஞ்சரை மணி நேர வித்தியாசம். ஆக 14ஐ தொட்டா 13 சேவ் ஆகும், ஒவ்வொரு தடவையும்.

இதுக்கு டெஸ்ட் இருந்துச்சு. சிஐல பச்சையாவும் இருந்துச்சு, ஏன்னா கிட்ஹப் (நாங்க கோடை வச்சிருந்த தளம்) டெஸ்ட் ஓட்ட குடுக்கற ரன்னர் மெஷினோட கடிகாரம் யுடிசிலதான் ஓடும், அங்க ராத்திரி 12ன்னா அதே தேதிதான். டீம்ல சேர்ந்து மூணு வாரமே ஆன ஒரு பொண்ணு தன்னோட லேப்டாப்ல மொத்த டெஸ்ட்டையும் ஓட்டிப் பார்த்துட்டு குரூப்ல கேட்டாங்க, "அண்ணா, எனக்கு மட்டும் இந்த ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆகுது". நான் யோசிக்காம பதில் போட்டேன், "சிஐல பாஸ் ஆகுதும்மா, உன் செட்டப்ல ஏதோ பிரச்சனை, நோட் வெர்ஷன் பாரு". (நோட்ங்கறது பிரௌசருக்கு வெளியில ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டறது.) மத்தவங்க யாரும் லேப்டாப்ல முழுசா ஓட்டறதே இல்ல, சிஐ பார்த்துக்கும்னு விட்டுட்டோம். மெயின் கோடோட மெர்ஜ் ஆயிடுச்சு. மேனுவல் டெஸ்டர் அக்காவும் பார்த்தாங்க, ஆனா புக்கிங் முடிஞ்சதும் வர்ற மெசேஜ்ல நாம தொட்ட தேதியையே நேரா காட்டினதால அங்க 14தான் தெரிஞ்சுச்சு, அவங்க மேல தப்பே சொல்ல முடியாது.

ரிலீஸ் ஆகி கொஞ்ச நாள்ல லேபுலேர்ந்து போன். வெளியூர்லேர்ந்து முதல் பஸ்ஸைப் பிடிச்சு வெறும் வயித்தோட வந்த ஒரு பெரியவர்கிட்ட உங்க அப்பாயின்ட்மென்ட் நேத்தே முடிஞ்சுதுன்னு சொல்லியிருக்காங்க. அவர் மாதிரி இன்னும் சில பேர். உண்மையைச் சொன்ன லேப்டாப்பை தப்புன்னு சொல்லிட்டு தப்பு சொன்ன சிஐயை நான் நம்பியிருக்கேன். அந்தப் பொண்ணுகிட்ட அன்னிக்கே மன்னிப்பு கேட்டேன்.

கோடை திருத்தறது அஞ்சு நிமிஷ வேலை, வருஷம் மாசம் நாள்னு தனித்தனியா எடுத்து சேர்த்தா போதும். சிஐயைத் திருத்தினதுதான் முக்கியம். டைம்சோனை வெளியிலேர்ந்து செட் பண்ணி தேதி சம்பந்தப்பட்ட டெஸ்ட்டை எல்லாம் மூணு தடவை ஓட்டினோம், ஒண்ணு யுடிசில, ஒண்ணு ஆசியா கொல்கத்தால, ஒண்ணு அமெரிக்கா நியூயார்க்ல. மூணாவது எதுக்குன்னா, மேற்குப் பக்கம் இதோட தலைகீழ் பிரச்சனை இருக்கு. நேரம் இல்லாம வெறும் தேதியை மட்டும் ஸ்ட்ரிங்கா குடுத்து டேட் உருவாக்கினா ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசின்னு எடுத்துக்கும், அங்க உட்கார்ந்து பார்க்கறவருக்கு முந்தின நாள் தெரியும்.

இதே குடும்பத்துல இன்னொண்ணு. ஒரு லட்சத்தை நம்ம முறையில 1,00,000ன்னு காட்டணும்னு இந்திய லொகேல் (எண், தேதியை எந்த நாட்டு முறையில காட்டணும்ங்கற செட்டிங்) குடுத்து எழுதியிருந்தோம், பிரௌசர்ல சரி, சிஐல மட்டும் 100,000ன்னு வந்து ஃபெயில். நோட் 12 வரைக்கும் ஆங்கிலத்துக்கான லொகேல் டேட்டா மட்டும்தான் கூட வரும், அதுலயும் எல்லா நாட்டு வழக்கமும் ஒழுங்கா வேலை செய்யாது, நோட் 13லேர்ந்துதான் எல்லா மொழி டேட்டாவும் முழுசா சேர்ந்து வருது. தமிழ்ல சைட் பண்றவங்க ஸ்க்ரீன்ஷாட் டெஸ்ட் (திரையை முதல்ல எடுத்து வச்ச படத்தோட ஒப்பிடறது) போட்டா இன்னொரு இடத்துல மாட்டுவீங்க, சிஐ கன்டெய்னர்ல, அதாவது டெஸ்ட் ஓடற தனிச் சூழல்ல, தமிழ் ஃபான்ட் இல்லன்னா எழுத்துக்குப் பதிலா வெறும் கட்டம் கட்டமா வரும், அந்தக் கட்டத்தையே சரியான படம்னு ஒருத்தர் அப்ரூவ் பண்ணிட்டா அதுக்கப்புறம் எப்பவும் பச்சைதான். நோட்டோ தமிழ் ஃபான்ட்டை கன்டெய்னர்ல இன்ஸ்டால் பண்ணிட்டு அப்புறம் முதல் படத்தை எடுங்க. பேர் போடற பாக்ஸுக்கு இத்தனை எழுத்துதான்னு கட்டுப்பாடு இருந்தா அதையும் தமிழ்ல டெஸ்ட் பண்ணுங்க, ஸ்ரீன்னு கண்ணுக்கு ஒரே எழுத்தா தெரியறது ஜாவாஸ்கிரிப்ட் கணக்குல 4.

இது பச்சை பொய் சொன்ன கதை. உங்களுக்கு இருக்கறது சிவப்பு பொய் சொல்ற கதை, அது இன்னும் மோசம்னு நான் நினைக்கிறேன், ஏன்னா அது டீமோட பழக்கத்தையே கெடுத்துடும். ஒரு தடவை சும்மா ஃபெயில் ஆகும், ரீரன் அழுத்துவோம், பாஸ். ரெண்டாவது தடவையும் அப்படியே. அப்புறம் எது ஃபெயில் ஆனாலும் கை தானா ரீரன் பட்டனுக்குப் போகும், நிஜ பக் வர்ற அன்னிக்கும் மூணு தடவை அழுத்திட்டு "ஃப்ளேக்கிதான், மெர்ஜ் பண்ணிடுங்க"ன்னு யாராவது சொல்லிடுவாங்க. ஃப்ளேக்கின்னா கோடு மாறாமலே ஒரு தடவை பாஸ், ஒரு தடவை ஃபெயில் ஆகற டெஸ்ட். இது உங்க டீமுக்கு மட்டும் வந்த வியாதி இல்ல. கூகுள் 2016ல வெளிப்படையா எழுதினாங்க, அவங்க டெஸ்ட்ல கிட்டத்தட்ட 16 சதவீதத்துக்கு ஏதோ ஒரு அளவுல இந்த ஃப்ளேக்கித்தனம் இருக்கு, பாஸ்லேர்ந்து ஃபெயிலுக்கு மாறினதுல 84 சதவீதத்துல ஒரு ஃப்ளேக்கி டெஸ்ட் சம்பந்தப்பட்டிருக்குன்னு. அவ்வளவு பெரிய இடத்துலயே அப்படி.

நான் பார்த்தவரைக்கும் ஃபிரண்ட் எண்ட்ல இதுக்கு பெரும்பாலும் மூணு காரணம்தான். முதல்ல, தூங்க வைக்கிறது, அதாவது ரெண்டு செகண்ட் காத்திரு அப்புறம் க்ளிக் பண்ணுன்னு எழுதறது. உங்க லேப்டாப்ல ரெண்டு செகண்ட் போதும், சிஐ மெஷின்ல ஒரே நேரத்துல நாலு வேலை ஓடுறப்ப பத்தாது. நேரத்துக்கு காத்திருக்காதீங்க, திரையில என்ன வரணுமோ அதுக்கு காத்திருங்க. அடுத்தது ஸ்டேஜிங் சர்வர், அதாவது ரிலீஸுக்கு முன்னாடி சோதிச்சுப் பார்க்கற பொது சர்வர், அங்க எல்லாரும் ஒரே டேட்டாவை மாத்திட்டு இருப்பாங்க, இன்னொரு டெவலப்பர் ஒரு யூசரை டெலீட் பண்ணினா உங்க டெஸ்ட் விழும். ஒவ்வொரு டெஸ்ட்டும் தனக்கு வேண்டிய டேட்டாவை தானே உருவாக்கிக்கணும், இல்லன்னா சர்வர்லேர்ந்து வர்ற ஏபிஐ பதிலை மாக் பண்ணிடணும், அதாவது போலி பதிலை நாமளே குடுத்துடணும். மூணாவது, ஒரு டெஸ்ட் விட்டுட்டுப் போன லோக்கல் ஸ்டோரேஜை (பிரௌசர்ல சேமிச்ச டேட்டா) அடுத்த டெஸ்ட் எடுத்துக்கறது, தனியா ஓட்டினா பாஸ், சேர்த்து ஓட்டினா ஃபெயில்னு வந்தா முதல்ல இங்க தேடுங்க.

நாங்க ஒரு விதி வச்சோம். காரணமில்லாம ஒரு டெஸ்ட் ரெண்டு தடவை விழுந்தா அன்னிக்கே அதை மெயின் ஓட்டத்துலேர்ந்து எடுத்து தனியா வச்சுடணும், ஒருத்தர் பேர்ல டிக்கெட் போடணும், ரெண்டு வாரத்துல சரியாகலன்னா டெலீட். டெலீட் பண்றப்ப மனசு கேக்காதுதான். ஆனா யாரும் நம்பாத டெஸ்ட் மத்த நல்ல டெஸ்ட்டோட மதிப்பையும் சேர்த்து குறைக்குது.

சீனியர் யாராவது "பிரௌசர் டெஸ்ட் வேலைக்கே ஆகாது"ன்னு சொன்னா அவங்க அனுபவம் பொய் இல்லங்க. பிரௌசரை தானா ஓட்டற செலினியம் 2004ல தாட்வொர்க்ஸ் கம்பெனில ஜேசன் ஹக்கின்ஸ் ஆரம்பிச்சது, அது இல்லாம இந்த துறையே இல்ல, ஆனா அதுக்கப்புறம் பல வருஷம் நிஜ பிரௌசரைத் திறந்து ஓட்டறதுக்குன்னே தனி மெஷின் வேணும், ஜென்கின்ஸ்ங்கற சிஐ சர்வரை ஒருத்தர் உட்கார்ந்து பராமரிக்கணும், எதுக்கு எவ்வளவு காத்திருக்கணும்னு நாமளே எழுதணும். திரை இல்லாம ஓட்ட பேன்டம்ஜேஎஸ் வந்துச்சு, ஆனா ஜனங்க யாரும் அந்த பிரௌசரை யூஸ் பண்றதில்லையே. 2017ல குரோம் 59ல ஹெட்லெஸ் (திரை இல்லாம ஓடற வசதி) வந்ததும்தான் நிலைமை மாறுச்சு, அதை வச்சு பிரௌசரை ஓட்டற கருவிகளும் வந்துச்சு, அதே வருஷம் பப்பெட்டியர், சைப்ரஸ் 1.0, அப்புறம் 2020ல மைக்ரோசாஃப்ட்லேர்ந்து பிளேரைட். கிட்ஹப்போட சிஐ சேவையான கிட்ஹப் ஆக்ஷன்ஸை 2019 நவம்பர்ல எல்லாருக்கும் திறந்தாங்க, அதோட தனி சர்வர் பராமரிக்கிற வேலையும் போச்சு. பத்து வருஷம் முன்னாடி கையைச் சுட்டுக்கிட்டவங்களை இன்னொரு தடவை உட்கார வச்சு காட்டுங்க.

எந்த டெஸ்ட்டை எதுல எழுதறதுன்னு நிறைய சண்டை நடக்கும், நான் அதுல ரொம்ப இறங்கறதில்ல. விலை கணக்கு, தேதி, ஃபார்ம் விதி மாதிரி சுத்தமான ஃபங்ஷனுக்கு விடெஸ்ட்டோ ஜெஸ்ட்டோ போடுங்க, அது செகண்ட்ல முடியும். காம்போனென்ட்டுக்கு டெஸ்டிங் லைப்ரரி, அதுல சிஎஸ்எஸ் கிளாஸ் பேரை வச்சு தேடாம யூசர் எப்படி தேடுவாரோ அப்படி, "பணம் செலுத்து"ன்னு பேர் இருக்கற பட்டன்னு தேடுங்க, டிசைன் மாறினாலும் உடையாது, ஸ்க்ரீன் ரீடர் வச்சிருக்கறவருக்கும் அந்த பட்டன் கேக்கும்னு ஓரளவு உறுதியாகும். ஆனா இந்த காம்போனென்ட் டெஸ்ட் வழக்கமா ஓடற ஜேஎஸ்டாம்ல (நோட்டுக்குள்ள பிரௌசர் மாதிரி நடிக்கறது) லேஅவுட்டே கிடையாது, எந்த எலிமென்ட்டோட உயரத்தைக் கேட்டாலும் 0ன்னுதான் சொல்லும். சின்ன போன்ல குக்கி பேனர் மேல வந்து பணம் கட்டற பட்டனை மறைச்சாலும் அங்க க்ளிக் ஆகும், டெஸ்ட் பாஸ். பிளேரைட் அப்படி விடாது, க்ளிக் பண்றதுக்கு முன்னாடி அந்த இடத்துல வேற ஏதாவது மறைக்குதான்னு பார்க்கும், மறைச்சா எது மறைக்குதுன்னு சொல்லி ஃபெயில் பண்ணும். அதனாலதான் காசு வர்ற பாதைக்கு கட்டாயம் நிஜ பிரௌசர் டெஸ்ட் வேணும்னு சொல்றேன்.

சரி, உங்களுக்கு எங்க ஆரம்பம். முதல் வாரம் ஒரே ஒரு பிளேரைட் டெஸ்ட், லாகின் பண்ணி உங்க ஆப்ல எது உடைஞ்சா மேனேஜருக்கு ராத்திரி போன் வருமோ அந்த ஒரு வேலையை கடைசி வரைக்கும் செஞ்சு முடிக்கறது. சிஐல என்பிஎம் இன்ஸ்டால் வேண்டாம், என்பிஎம் சிஐ போடுங்க, அது லாக் ஃபைல்ல (எந்த பேக்கேஜ் எந்த வெர்ஷன்னு குறிச்சு வச்ச ஃபைல்) இருக்கறதை அப்படியே போடும், ஒத்து வரலன்னா நின்னுடும். 2016 மார்ச்ல லெஃப்ட்பேட்னு 11 வரி பேக்கேஜை அதை எழுதினவர் எடுத்ததும் உலகம் முழுக்க பில்டு விழுந்துச்சு. லாக் ஃபைல் அந்த மாதிரி காணாம போற பேக்கேஜை திருப்பிக் கொண்டுவராது, ஆனா நமக்கே தெரியாம புது வெர்ஷன் உள்ள வந்து உடைக்கறது நிக்கும். டைப் செக், லின்ட் (ஓட்டாமலே கோடுல தப்பு தேடறது), யூனிட் டெஸ்ட், பில்டு, கடைசியா பிரௌசர், இந்த வரிசையில வச்சா சீக்கிரம் விழறது சீக்கிரம் தெரியும். மொத்தமும் 10 நிமிஷத்தைத் தாண்ட விடாதீங்க, தாண்டினா ஆளுங்க வேற வேலைக்குப் போயிடுவாங்க. பிரான்ச் ப்ரொடெக்ஷனை ஆன் பண்ணி சிவப்பா இருந்தா யாராலயும், டீம் லீடாலயும்கூட, மெர்ஜ் பண்ண முடியாம செஞ்சிடுங்க.

மேனேஜர்கிட்ட டெஸ்ட் எழுத தனியா ரெண்டு வாரம் கேக்காதீங்க, கிடைக்காது. ப்ரொடக்ஷன்ல வர்ற ஒவ்வொரு பக்குக்கும் முதல்ல அதைக் காட்டற ஒரு டெஸ்ட், அது சிவப்பாகறதை கண்ணால பார்த்துட்டு அப்புறம் ஃபிக்ஸ், பக் எஸ்டிமேட்லயே அந்த அரை மணி நேரத்தையும் சேர்த்து சொல்லுங்க. சிவப்பாகி பார்க்காத டெஸ்ட்டை நான் கணக்குலயே எடுத்துக்கறதில்ல.

உங்க மேனுவல் டெஸ்டர் வேலை போயிடுமோன்னு பயந்தாங்கன்னா அவங்களை பக்கத்துல உட்கார வச்சு எழுதுங்க. எங்க டெஸ்டர் அக்கா ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஒரே 60 கேஸை எக்செல் ஷீட் வச்சு கையால ஓட்டிட்டு இருந்தாங்க, அதுல பாதிக்கு மேல சிஐக்குப் போனதும் அவங்களுக்குக் கிடைச்ச நேரத்துல, நெட் மெதுவா இருக்கறப்ப பட்டனை ரெண்டு தடவை தட்டினா ரெண்டு புக்கிங் விழுதுன்னு கண்டுபிடிச்சாங்க. எங்க யாருக்கும் அது தோணவே இல்ல, டெஸ்ட்டா எழுதவும் தோணல. அவங்க சொன்ன பிறகுதான் அதுக்கு ஒரு டெஸ்ட் வந்துச்சு.

பிளேரைட் செட் பண்றப்ப கான்ஃபிக்ல டைம்சோனும் லொகேலும் மறக்காம குடுங்க, ட்ரேஸை (டெஸ்ட் ஓட்டத்தோட பதிவு) முதல் ரீட்ரைல எடுக்கற மாதிரி வைங்க, சிஐல விழுந்தது ஏன்னு ஒவ்வொரு ஸ்டெப்பா திரையோட பார்க்கலாம். உங்க சிஐ ஃபைலையும் அடிக்கடி விழற டெஸ்ட் ரெண்டையும் கமென்ட்ல போட்டீங்கன்னா நானும் பார்க்கறேன்.