வடிந்த வெள்ளம் மூடிவிடும் பள்ளம்: பாலப் பாதுகாப்பு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சி கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத் தூண்கள் சரிந்தன. சென்சார் வைத்திருந்தால் இப்படிப்பட்ட சரிவு முன்கூட்டியே தெரியுமா?
– வாசகர், லால்குடி

தெரியும், ஆனால் சரியான சென்சாரைச் சரியான இடத்தில் வைத்திருக்க வேண்டும். அது 1928-ல் கட்டிய பாலம். சரிந்தபோது அதில் போக்குவரத்து இல்லை. ஆனால் மணல் ஆற்றில் நிற்கும் எந்தத் தூணுக்கும் ஆபத்து ஒன்றுதான்: அடிமண் அரிப்பு.

வெள்ளம் தூணில் மோதியதும் நீரின் ஒரு பகுதி தூணை ஒட்டிக் கீழ்நோக்கிப் பாயும். அடியில் சுழன்று மணலை அள்ளிக்கொண்டு போகும். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பள்ளமும் ஆழமாக இருக்கும். நீர் வடியும்போது மேலிருந்து வரும் மணல் அதை மூடிவிடுகிறது. சித்திரையில் போய்ப் பார்த்தால் ஆறு சமமாகத் தெரியும். மூடிய மணலோ இறுகாத மணல், தூணைப் பிடித்து நிறுத்தும் வலு அதற்குக் கிடையாது. ஆகவே அளவு எடுக்க வேண்டிய நேரம் வெள்ள நேரம். அப்போது யாரும் இறங்க முடியாது, கருவிதான் இறங்க வேண்டும்.

தூணில் நீருக்குள் சோனார் கருவி ஒன்றை (ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியை வைத்துத் தூரத்தை அளப்பது) பொருத்தி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை படுகையின் ஆழத்தை எடுக்கலாம். வெள்ளத்தில் வரும் வாழைமரம், ஆகாயத்தாமரை, நுரை எல்லாம் பொய் எதிரொலி தரும். அதனால் ஒரே அளவை நம்பாமல், அடுத்தடுத்து நான்கைந்து அளவுகளின் நடு மதிப்பை எடுங்கள்.

இதற்குத் துணையாகத் தூணின் தலையில், அதிர்வை அளக்கும் முடுக்கமானி ஒன்று வேண்டும். பள்ளம் ஆழமாக ஆக, மண்ணின் பிடி இல்லாமல் நிற்கும் தூணின் நீளம் கூடும், அதன் அதிர்வெண், அதாவது நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது, குறையும். சாய்வுமானியை மட்டும் நம்பவே கூடாது. 10 மீட்டர் உயரத் தூண் 0.1 பாகை சாய்ந்தால் உச்சி சுமார் 17 மில்லிமீட்டர் நகரும். ஆனால் சாய்வு கடைசி அறிகுறி. அது தெரியும்போது அரிப்பு முக்கால்வாசி வேலையை முடித்திருக்கும்.

எச்சரிக்கை அளவை வடிவமைப்புக் கணக்கிலிருந்தே எடுங்கள். வெள்ள மட்டத்திலிருந்து 18 மீட்டர் வரை அரிக்கும் என்று கணக்கிட்டால், சாலை, பாலங்களுக்கு விதி வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி அஸ்திவாரம் 24 மீட்டருக்காவது இறங்கியிருக்க வேண்டும். அப்படியொரு தூணுக்கு 15 மீட்டரில் மஞ்சள், 18-ல் சிவப்பு என்று வைப்பது எங்கள் பரிந்துரை. சிவப்பு வந்தால் ஆய்வுக்கு ஆள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. முதலில் போக்குவரத்தை நிறுத்துங்கள்.

கேள்வி: 'மெய்நிகர் மாதிரி' என்கிறார்களே, அது கணினியில் வரைந்த பாலப் படம்தானா?
– வாசகர், கும்பகோணம்

படம் அதன் மேல்தோல். உள்ளே இருப்பது கணக்கு: இந்த எடை ஏறினால் உத்திரம் எவ்வளவு தொய்யும், இந்த வெயிலுக்கு எவ்வளவு நீளும் என்று சொல்லும் கணக்கு.

வரைபடத்திலிருந்து மாதிரியைக் கட்டுவது தொடக்கம்தான். பிறகு எடைபோட்ட லாரிகளைப் பாலத்தின் குறித்த இடங்களில் நிறுத்தி, நடு உத்திரத்தின் தொய்வை அளக்க வேண்டும். மாதிரி 6 மில்லிமீட்டர் என்று சொல்ல, பாலம் 8 தொய்ந்தால், கான்கிரீட்டின் விறைப்பையும் பேரிங்கின் (தூணுக்கும் உத்திரத்துக்கும் இடையில், உத்திரம் நகர இடம்தரும் தாங்கி) பிடிமானத்தையும் மாதிரியில் திருத்தி இரண்டையும் ஒத்துப்போக வைக்க வேண்டும். இதைச் செய்யாத மாதிரி வெறும் காட்சிப் பொருள்.

பெரும்பாலும் தவறு நடப்பது வெப்பத்தில். உத்திரத்தின் விறைப்பு 10 சதவீதம் குறைந்தாலும் அதிர்வெண் 5 சதவீதம்தான் குறையும். பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்ப மாற்றமே அந்த அளவு வேறுபாட்டைக் காட்டக்கூடும். எனவே கத்திரி வெயிலும் ஐப்பசி மழையும் சேர்ந்த ஓர் ஆண்டுப் பதிவு கையில் வரும்வரை, அதிர்வெண்ணை மட்டும் வைத்து எந்த முடிவும் சொல்லாதீர்கள்.

அதே வெப்பம் நல்ல சோதனையும் கூட. 30 மீட்டர் கான்கிரீட் உத்திரம் 20 டிகிரி சூடேறினால் சுமார் 7 மில்லிமீட்டர் நீள வேண்டும். பேரிங்கில் வைத்த நகர்வுமானி 1 மில்லிமீட்டர்தான் காட்டுகிறதா? பேரிங் இறுகிவிட்டது, அந்த விசை தூணின் தலையைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். லாரி எதுவும் ஏறாமலே கிடைக்கும் தகவல் இது.

கேள்வி: எங்கள் ஊர் வாய்க்கால் பாலம் இரண்டே கண் கொண்டது. இதற்கும் சென்சார் வைக்கச் சொல்லிக் கேட்கலாமா?
– வாசகி, திருவையாறு

வேண்டாம். அந்தப் பணத்தில் அடியில் கல் அடுக்கலாம். ஜனவரி 28-ல் மேட்டூர் மூடி, ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். இடையில் வாய்க்கால் காயும் நாட்கள் உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. கைப்பிடிச் சுவரில் பெயின்ட் குறி வைத்து, ஆண்டுதோறும் அதே குறியிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டுப் படுகை வரை அளந்து எழுதுங்கள். தூணைச் சுற்றி ஓர் இரும்புக் கம்பியைக் கையால் குத்திப் பாருங்கள். தள்ளி ஓரிடத்தில் குத்தியதைவிடத் தூணருகே எளிதாக இறங்கினால், அங்கே பள்ளம் விழுந்து மூடியிருக்கலாம். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை இரு முனையிலும் எபாக்சி வைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள். அது உடைந்தால் விரிசல் நகர்கிறது. உடனே பொறியாளரை அழையுங்கள்.

கேள்வி: பொருத்திய கருவிகள் ஆறே மாதத்தில் ஊமையாகிவிடுவது ஏன்?
– வாசகர், நாகப்பட்டினம்

உங்கள் பக்கம் முதல் எதிரி உப்புக் காற்று. கேபிள் இணைப்பில் பச்சை பிடித்தால் அளவு தாறுமாறாகும். பெட்டியும் திருகும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். அடுத்தது, சரியாகத் தேய்க்காத ஈரக் கான்கிரீட்டில் ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜ் (கான்கிரீட் நீள்வதையும் சுருங்குவதையும் அளக்கும் பட்டை). பசை விட்டால் அளவு மெதுவாக நழுவும், பார்ப்பவர் பாலம்தான் தொய்கிறது என்று நினைப்பார். சோலார் தகட்டில் தூசி, பெட்டிக்குள் குளவிக்கூடு, ரீசார்ஜ் செய்யாத சிம் ஆகியவையும் கருவியை நிறுத்தும். கருவி வாங்கும்போதே பராமரிப்புப் பணத்தையும், எச்சரிக்கை வந்தால் போன் எடுக்க வேண்டியவரின் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.