ரூம் வாடகை வரம்பு: கிளைமில் 48,000 ரூபாய் ஏன் வெட்டினார்கள்?

தக்கலை அண்ணாச்சி, அம்மாவுக்கு நாகர்கோவிலில் பித்தப்பை ஆபரேஷன், பில் 1,20,000, கைக்கு வந்தது 72,000 என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் மருத்துவக் காப்பீட்டு பாலிசியில் ரூம் வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம். 3 லட்சம் பாலிசிக்கு நாளைக்கு 3,000. நீங்கள் எடுத்தது 5,000 ரூம். கூடுதல் 2,000-ஐ மட்டும் பிடிப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 3,000-ஐ 5,000-ஆல் வகுத்தால் 60 சதவீதம். டாக்டர், நர்ஸ், தியேட்டர் கட்டணத்திலும் அந்த 60 சதவீதம்தான் கிடைக்கும்.

ஆனால் உங்களுக்கு மொத்த பில்லையுமே அப்படி வெட்டியிருக்கிறார்கள். அது தவறு. மருந்து, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, உடலுக்குள் பொருத்தும் கருவி, ஐசியூ கட்டணம் இவற்றில் இந்த வெட்டு கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் விதி. நீங்கள் கொடுத்த பில்படி ரூம் 20,000-க்கு 12,000, டாக்டர், தியேட்டர் 60,000-க்கு 36,000, மருந்து 25,000, பரிசோதனை 15,000 முழுசாக. ஆக 88,000. இன்னும் 16,000 வர வேண்டும். மருந்து பில்லில் பாலிசி பணம் தராத கையுறை மாதிரி சாமான் இருந்தால் அது மட்டும் குறையலாம்.

ரூமுக்குத் தக்கபடி கட்டணம் மாற்றாத ஆஸ்பத்திரி என்றால் ரூம் வாடகை தவிர வேறெதிலும் வெட்டவே கூடாது. பில்லிங் கவுண்டரில் இதைக் கேட்டு, சீல் வைத்த கடிதம் கட்டாயம் வாங்குங்கள்.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் சென்னை காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு (ஓம்புட்ஸ்மன்) எழுதலாம். கட்டணமும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம்.