ஐரிஷ் குடியுரிமை: நீங்கள் கொஞ்சம் பொறுக்கணும், மகளுக்கு இப்போதே உண்டு

வணக்கம். 2020 செப்டம்பரில் டப்ளினுக்குப் படிக்க வந்து, 2021 அக்டோபர் 1 முதல் ஸ்டாம்ப் 1ஜி (படிப்பு முடித்தவர்களுக்கான தங்கும் அனுமதி), அப்புறம் வேலை பெர்மிட்டில் ஸ்டாம்ப் 1 என்று எழுதியிருந்தீர்கள். "ஐந்து வருடம் ஆச்சே, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா?" என்றும் கேட்டிருந்தீர்கள்.

படித்த காலத்து மாணவர் அனுமதியான ஸ்டாம்ப் 2, குடியுரிமைக்கான ஐந்து வருடக் கணக்கில் வராது. 1ஜி வரும். ஆகவே உங்கள் ஐந்து வருடம் நிறைவது 2026 அக்டோபரில்தான். அதற்கு முன் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஐஆர்பி அட்டைகளை (இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டைகளை) எல்லாம் மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்துத் தேதிகளைப் பாருங்கள். நான் அப்படிப் பார்த்தபோது இரண்டு அட்டைகளுக்கு நடுவே 11 நாள் விடுபட்டிருந்தது. அந்த நாட்கள் கணக்கில் சேராது. விண்ணப்பிக்கும் முன்னான கடைசி ஒரு வருடத்தில் 70 நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஊர்த் திருவிழா, கல்யாணம் எதுவானாலும் சரி.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மகள் 2025 மார்ச்சில் டப்ளினில் பிறந்திருக்கிறாள். பிறப்புக்கு முந்தைய நான்கு வருடத்தில் பெற்றோரில் ஒருவர் மூன்று வருடம் கணக்கில் வரும்படி இங்கே இருந்திருந்தால், குழந்தை பிறப்பிலேயே ஐரிஷ் குடிமகள். அவள் பிறந்தபோது உங்களுக்குக் கிட்டத்தட்ட மூன்றரை வருடம் ஆகியிருந்தது! அவளுக்குக் குடியுரிமை விண்ணப்பம் வேண்டாம், நேராக பாஸ்போர்ட்தான். ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது. தூதரகத்தில் அவளுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கேட்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.