அப்பாச்சி கேமலில் 587 போர்ட் வழியாக மெயில் ஏன் போகவில்லை?

பல மென்பொருள்களை இணைக்கும் ஜாவா கருவியான அப்பாச்சி கேமலில், மெயில் அனுப்பும் எஸ்எம்டிபிஎஸ் (smtps) முகவரியில் 587 போர்ட்டைக் கொடுத்தால் எஸ்எஸ்எல் பிழை வருகிறது என்கிறீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாததுதான் காரணம். எஸ்எம்டிபிஎஸ் என்றால் கேமல் சர்வருடன் இணைந்ததுமே டிஎல்எஸ் (எஸ்எஸ்எல்லுக்குப் பின் வந்த மறையாக்க முறை) பேச ஆரம்பிக்கும். அதற்கு உரிய போர்ட் 465. 587-இல் பேச்சு சாதாரணமாகத் தொடங்கி, ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளைக்குப் பிறகுதான் மறையாக்கம் வரும்.

சர்வரில் 465 திறந்திருந்தால் பேசாமல் அதற்கே மாறிவிடுங்கள். 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தர ஆவணமும் அதன் பக்கம்தான். 587தான் வேண்டுமென்றால் முகவரியில் வெறும் எஸ்எம்டிபி (smtp) என்று எழுதி, மெயில்.எஸ்எம்டிபி.ஸ்டார்ட்டிஎல்எஸ் (mail.smtp.starttls) என்ற அமைப்பின் கீழ் வரும் எனேபிள் (enable), ரிக்கொயர்டு (required) இரண்டையும் ட்ரூ (true) ஆக்குங்கள். எனேபிள் மட்டும் போட்டால், சர்வர் ஸ்டார்ட்டிஎல்எஸ் தராதபோது மெயில் மறையாக்கமே இல்லாமல் சத்தமின்றிப் போய்விடும்.

அப்புறம், கடவுச்சொல்லில் கூட்டல் குறி இருந்தால் கடவுச்சொல்லை RAW(...) என்ற உறைக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் கேமல் அந்தக் கூட்டல் குறியை இடைவெளியாகப் படித்துவிடும்.